பெரிய சதுப்பும் ஐந்தாவது நாற்காலியும்

நூர்டால், மின்னசோட்டா
அக்டோபர் 11, 1967

அன்புத் தம்பி ஹால்வருக்கு அக்கா போர்கில்ட் எழுதுவது.

இங்கே நானும் அடுப்பும் ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கிறோம். முழங்கால் மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. உன் மூச்சு எப்படி இருக்கிறது, இருமல் தூங்க விடுகிறதா, மார்லிஸ் உனக்கு வாய்க்கு ருசியாகச் சமைக்கிறாளா என்று ஒவ்வொன்றாக எழுது. "நன்றாக இருக்கிறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. உன் மகள் வீட்டில் நீ விருந்தாளி. என்னிடம் விருந்தாளி பேச்சு வேண்டாம்.

நேற்று வாரியக் கூட்டம். நீ இல்லாத முதல் கூட்டம். வழக்கம்போல் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் எடுத்துக்கொண்டு தீயணைப்புக் கூடத்து மாடிக்குப் போனேன். நீர்ப்பிடிப்பு வாரியம் தொடங்கிய நாளிலிருந்து காப்பி ஊற்றுகிறவள் என்பதால் யாரும் என்னை எழுந்து போகச் சொல்வதில்லை. சுவரோரம் உட்கார்ந்து பின்னல் போட்டபடி எல்லாவற்றையும் கேட்டேன். ஐந்து நாற்காலியில் ஒன்று காலி. தலைவர் எமில் க்ராவுஸ் அதன் பக்கம் பார்க்காமலே பேசினார்.

வெர்ல் ஸ்டாங்கலாண்ட் கடைசியில் மனுவைக் கொடுத்துவிட்டான். பெரிய சதுப்பை வெட்டி, தண்ணீரையெல்லாம் வாய்க்கால் வழியே ராஸ்முஸ் ஓடையில் விட வேண்டுமாம். வெட்டலாம் என்று இரண்டு பேர், கூடாது என்று க்ராவுஸும் இன்னொருவரும். இரண்டுக்கு இரண்டு. க்ராவுஸ் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஹால்வர் வர்ற வரைக்கும் இது இப்படியே கெடக்கட்டும்."

"அவரு வர்றதுக்குள்ள எனக்கு இன்னொரு விதைப்பும் போயிரும்," என்றான் வெர்ல். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு வசந்தமாக அவன் கோதுமை வயலில் வாத்துதான் நீந்துகிறது. ஆனால் சதுப்பை வெட்டினால் பனி உருகும் தண்ணீர் எல்லாம் ஒரே நாளில் கீழ்ப்பக்கம் இறங்கும். கீழே இருப்பவர்கள் எங்கே போவார்கள்?

படி இறங்கும்போது எல்லோரும் ஒரே கேள்விதான். "உன் தம்பிக்கு மார்ச்சுல பதவிக்காலம் முடியுதே, அதுக்குள்ள வந்துருவாரா?"

"வராம எங்க போவான்," என்றேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே.

உன் அக்கா
போர்கில்ட்


டூசான், அரிசோனா
அக்டோபர் 29, 1967

அக்காவுக்கு ஹால்வர் எழுதும் அன்புக் கடிதம்.

நீ கேட்டபடியே ஒவ்வொன்றாக எழுதுகிறேன். மூச்சு: பகலில் பரவாயில்லை. இருமல்: இருக்கிறது. சாப்பாடு: மார்லிஸ் மிளகாயைப் போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். உருளைக்கிழங்கில் கூடப் போடுகிறாள். உன் முழங்காலுக்கு அந்தப் பழைய கம்பளித் துண்டைச் சுற்றிக்கொள்.

இந்த ஊரில் ஒரு ஆறு இருக்கிறது. அதன் மேல் பெரிய பாலம் இருக்கிறது. தண்ணீர் மட்டும் இல்லை. மணலைப் பார்த்துக்கொண்டு பாலத்தில் நின்றேன். ஒருவன் வந்து, "என்ன பெரியவரே, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டான்.

ராத்திரியில் சதுப்பு உறையும் சத்தம் நினைவுக்கு வருகிறது. நவம்பரில் முதல் ஐஸ் பிடிக்கும்போது அடியிலிருந்து ஒரு முனகல் வருமே. சின்ன வயதில் அதைக் கேட்டு நான் அழ, "அது தண்ணி கதவச் சாத்திக்கிட்டுத் தூங்கப் போகுது" என்று நீ சொன்னாய். அம்மா போன வருஷம் அது.

ஓடை வளைவில் மரத்தைக் கடித்துப் போட்டு பீவர் கட்டிய அணையை ஆர்விட் எடுத்தானா? க்ராவுஸிடம் சொல்லி அவனை முடுக்கச் சொல். ஐஸ் பிடித்தபின் எடுக்க முடியாது.

டாக்டர் பார்க்கலாம் என்கிறார். ஐஸ் உருகுவதற்குள் நான் அங்கே இருப்பேன்.

உன் ஹால்வர்


நூர்டால்
நவம்பர் 20, 1967

தம்பி ஹால்வர் சுகமாய் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்ளும் அக்கா எழுதுவது.

இங்கே முழங்கால் அளவு பனி. என் முழங்காலும் அதற்குள்தான் இருக்கிறது. தேவாலய விருந்தில் லூட்டஃபிஸ்க் மீன் இந்த வருஷம் கொஞ்சம் கொழகொழவென்று போய்விட்டது. நான் பொறுப்பில் இருந்திருந்தால் அப்படி ஆகியிருக்காது.

ஆர்விட் பீவர் அணையை எடுத்துவிட்டான். எப்படி எடுத்தான் என்பதைக் கேள். வாரியத்துக்கு இருக்கும் ஒரே சம்பளக்காரன், அதுவும் பாதிநேரச் சம்பளக்காரன். வாய்க்காலைப் பார்வையிட்டுவிட்டு நேரே பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டப் போகிறவன். நேரம் மிச்சம் என்று பேருந்தையே ஓடைக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய் வெடி வைத்திருக்கிறான். அணை போனது. அதிலிருந்த சேறு முழுக்கப் பேருந்தின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் ஒரு வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். கூட்டத்தில் க்ராவுஸ் கேட்டார்:

"ஏம்ப்பா ஆர்விட், தூரமா நிறுத்தணும்னு தோணலியா?"

"தூரமாத்தாங்க நிறுத்தினேன். சேறுதான் அதவிட தூரமா வந்துச்சு."

சிரிப்பு அடங்கப் பாதிக் கூட்டம் போய்விட்டது. நீ இருந்திருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாய்.

சிரிக்க முடியாத செய்தியும் இருக்கிறது. வெர்ல் ஊர் ஊராகப் போய் உன் இடத்துக்குத் தன் பெயரைச் சொல்லச் சொல்கிறான். பாதிப் பேர் இதைத் தேர்தல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் மாவட்டத்துக் கவுண்டி கமிஷனர்கள் கூடி நியமிப்பது இது என்று தேவாலயத்தில் ஒவ்வொருவரிடமும் நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மூன்றுக்கு இரண்டு, சதுப்பு போய்விடும்.

தபால் ஆபீசில் என்னைப் பார்த்துச் சொல்கிறான், "பெரியம்மா, உங்க தம்பி அங்க ஆரஞ்சு உரிச்சிக்கிட்டு இருக்காரு. இங்க வாய்க்கா யாரு பாக்குறது?"

"அவன் ஆரஞ்ச உரிச்சு முடிச்சிட்டு வருவான். நீ அவசரப்படாத," என்றேன்.

எப்போது வருகிறாய்? தேதி எழுது.

போர்கில்ட்


டூசான்
டிசம்பர் 10, 1967

அக்காவுக்கு.

மார்லிஸ் எழுதுகிறாள், நான் சொல்கிறேன். கை கொஞ்சம் நடுங்குகிறது, வேறு ஒன்றும் இல்லை. ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பியிருக்கிறேன். தபாலில் உறைந்துபோகாமல் இருந்தால் க்ராவுஸுக்கும் ஆர்விட்டுக்கும் கொடு. வெர்லுக்கும் இரண்டு கொடு, அவனே உரித்துக்கொள்ளட்டும்.

ஆர்விட் கதையை மார்லிஸ் இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

வெர்லிடம் கோபப்படாதே. முப்பத்திநாலாம் வருஷத்து வறட்சி அவனுக்குத் தெரியாது, தொட்டிலில் கிடந்தான். கவுண்டி முழுக்கப் பச்சை என்று சொல்ல சதுப்பு ஒன்றுதான் இருந்தது. அவன் அப்பா, நம் அப்பா, கீழ்ப்பக்கத்துக்காரர்கள் எல்லோரும் இடுப்பளவு கோரையில் நின்று அறுத்தோம். நீ பால் வாளியில் மோர் கொண்டு வந்தாய். மாடுகள் அந்தக் கோரையைத் தின்று குளிர்காலத்தைத் தாண்டின. பாலில் சேற்று வாடை அடிக்கும். அந்த வாடை வேண்டும் போல இருக்கிறது இப்போது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள். இங்கே கள்ளிச்செடியில் விளக்குக் கட்டுகிறார்கள்.

ஹால்வர்

(அத்தை, அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். மார்லிஸ்.)


நூர்டால்
ஜனவரி 15, 1968

அன்புத் தம்பிக்கு அக்காவின் புத்தாண்டு ஆசிகள்.

ஆரஞ்சு வந்தது. மேல் வரிசை உறைந்துவிட்டது, அடியில் இருந்ததெல்லாம் நன்றாக இருந்தது. வெர்ல் தன் பங்கை வாங்கிக்கொண்டு, "இனிப்பாத்தான் இருக்கு" என்றான். அவனும் நல்லவன்தான், வேலி அடைக்கக் கூப்பிட்டால் முதல் ஆளாக வருவான்.

இந்த மாதக் கூட்டத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஃபார்கோவிலிருந்து எஞ்சினியர் வர முடியவில்லை, சாலை மூடிவிட்டது. வரித் திட்டத்தைப் படித்தார்கள், போன கூட்டக் குறிப்பை ஏற்றார்கள், என் ரொட்டியைத் தின்றார்கள்.

கவுண்டி கமிஷனர் டன்ஃபி போன வாரம் வீட்டுக்கு வந்தார். சிகாகோவிலிருந்து வந்து சாமான் கடை வாங்கினாரே, அவர். காப்பி வேண்டுமா என்றால் வேண்டாம் என்கிறார். சரி, அப்படித்தான் சொல்வார்கள் என்று ஊற்றி வைத்தேன். கடைசி வரை தொடவில்லை. ஏதோ கொஞ்சம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

உன் குளிர்கோட்டை உதறி, அந்துருண்டை போட்டு மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஐஸில் சறுக்கும் உன் ஸ்கேட்டை என் பேத்தி கேட்டாள், கொடுத்தேன். அவள் சதுப்பில் ஒரு சுற்று வந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். உனக்குப் பிறகு அப்படித் திரும்புகிறவர்கள் யாரும் இல்லை.

இருமலுக்கு வெங்காயச் சாறு குடி. டாக்டர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

போர்கில்ட்


டூசான்
பிப்ரவரி 12, 1968

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன், இல்லையென்றால் மறுபடியும் ஆரஞ்சைப் பற்றி எழுதிவிடுவேன்.

ஜனவரிக் கடிதத்தில் நீ எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. கோட்டை மடித்து வைத்தேன் என்று எழுதியிருந்தாய். ஒரு மாதமாக அந்த வரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

டாக்டர் அக்டோபரிலேயே சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் தானியத் தூசியை உள்ளே இழுத்த நுரையீரல். அந்தக் குளிரை இனி ஒரு நாள் கூடத் தாங்காது என்றார். கோடையில் வேண்டுமானால் வரலாமா என்றேன். அறுவடைத் தூசி காற்றில் இருக்கும், அதுவும் கூடாது என்றார்.

வாரியத்தில் இருப்பவன் வட்டாரத்துக்குள் குடியிருக்க வேண்டும், சட்டம் அது. அதனால் டிசம்பரிலேயே டன்ஃபிக்கு எழுதிவிட்டேன். மறுபடி என்னைப் போட வேண்டாம், என் அக்கா போர்கில்டைப் போடுங்கள் என்று. உனக்கு எழுதும் முன்னால் கவுண்டிக்கு எழுதினேன். கவுண்டிக்கு எழுதுவது சுலபமாக இருந்தது.

அவர் வந்து உன்னைக் கேட்டாரா? கேட்டிருந்தால் ஏன் எழுதவில்லை?

ஹால்வர்


நூர்டால்
பிப்ரவரி 17, 1968

தம்பி ஹால்வருக்கு,

உன் கடிதம் வந்தது. படித்தேன். மறுபடி படித்தேன். அடுப்பில் இருந்த ரொட்டி கருகிவிட்டது, கறுப்பைச் சுரண்டிவிட்டுத் தின்றேன். நான் சுகம். நீயும் சுகமாக இரு, அது போதும்.

டன்ஃபி வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. "உங்க தம்பி இனிமே திரும்பறதா இல்லன்னு எழுதியிருக்காரு" என்றுதான் வாயைத் திறந்தார். நீயே எனக்குச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

அவர் கேட்டதையும் சொல்கிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

"போர்கில்ட் அம்மா, உங்க தம்பி இடத்துல நீங்க உக்காருவீங்களா?"

"அய்யோ, நானா? எனக்கெதுக்கு அதெல்லாம்."

"நெஜமாத்தான் கேக்குறேன்மா. பத்து வருஷமா ஒரு கூட்டம் விடாம இருந்தவங்க நீங்க ஒருத்தர்தான்."

"அஞ்சாவதோட நின்னவ நான். ஊர்ல எவ்வளவோ பேரு இருக்காங்க."

அவ்வளவுதான். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "சரிம்மா, உங்க மனசு புரியுது. தொந்தரவு பண்ணிட்டேன்," என்று எழுந்துவிட்டார்.

எழுந்தே விட்டார், ஹால்வர். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி இருக்கிறேன். வாசல் வரை போனவர் திரும்புவார் என்று பார்த்தேன். கார் வரை போனவர் திரும்புவார் என்று பார்த்தேன். நம் ஊரில் யாராவது கேட்டதும் முதல் தடவையில் சரி என்பார்களா? அப்பா காலத்திலிருந்து காப்பிக்குக் கூட முதலில் வேண்டாம், அடுத்து உங்களுக்கு எதற்குச் சிரமம், மூன்றாம் தடவைதானே அரைக் கோப்பை ஊற்று என்போம். காப்பிக்கே அப்படியென்றால் வாரியத்து நாற்காலிக்கு? மூன்றாம் தடவை கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

மறுநாள் வருவார் என்று லெஃப்ஸ ரொட்டி சுட்டு வைத்தேன். வரவில்லை. மார்ச் 5 அன்று கவுண்டிக் கூட்டத்தில் வெர்லை நியமிக்கப் போகிறார்கள் என்று க்ராவுஸ் சொன்னார். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

சதுப்பு என் வாயால் போகப் போகிறது.

போர்கில்ட்


டூசான்
பிப்ரவரி 22, 1968

அக்கா,

சிரித்தேன். சிரித்ததில் இருமல் வந்து, இருமலில் மார்லிஸ் ஓடி வந்து, அவளிடம் சொல்ல முடியாமல் மறுபடி சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு நல்லதுதான்.

டன்ஃபி சிகாகோக்காரர். அவர் ஊரில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே அர்த்தம். உன்னை மதித்துத்தான் எழுந்து போயிருக்கிறார். உன் காப்பியை வேண்டாம் என்றாரே, அதுவும் நிஜமாகவே வேண்டாம்தான்.

மார்ச் 5 அன்று கவுண்டிக் கூட்டம் நடக்கும் கோர்ட் கட்டடத்துக்குப் போ. எழுந்து நின்று அந்த இடம் எனக்கு வேண்டும் என்று சொல்.

நான் அவருக்கு எழுதலாம்; எழுத மாட்டேன். தம்பி சொல்லி வாங்கிக் கொடுத்த நாற்காலி என்று நாளை வெர்ல் சொல்வான், அவன் சொன்னால் தப்பில்லை. நீ கேட்டு வாங்கினால் ஒருவரும் வாய் திறக்க முடியாது.

உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உன் கல்யாண விருந்திலேயே இரண்டாம் துண்டு கேக்கைக் கேட்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நீ. அம்மா போனபிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தாயே, அப்போதும் இது வேண்டும் என்று யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இதை மட்டும் கேள்.

ஹால்வர்


நூர்டால்
மார்ச் 6, 1968

என் தம்பி ஹால்வருக்கு,

நான் சுகம். உனக்கு எப்படி இருக்கிறது?

நேற்று பேத்தி காரில் கொண்டு போனாள். வழியெல்லாம் சாலையின் இருபுறமும் பனிச் சுவர். திரும்பிப் போகலாமா என்று வாயில் வந்தது, அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டாள். நல்ல காலம்.

ஐந்து கமிஷனர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெர்ல் தேவாலயத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். தன் வயலைப் பற்றி நன்றாகப் பேசினான். பொய் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு டன்ஃபி, "வேற யாராவது பேசணுமா?" என்றார். கேட்ட கையோடு காகிதத்தை மூடப் போனார்.

எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"அந்த எடம் எனக்கு வேணும்," என்றேன்.

நம் ஆட்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள், நான் ஏதோ மேல்சட்டையைக் கழற்றிவிட்டது போல. டன்ஃபி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஜனவரியில உங்க வீட்டுக்கே வந்து கேட்டேனேம்மா. வேண்டாம்னு சொன்னீங்க."

"ஆமா. ரெண்டு தடவ சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க கேக்கவே இல்லியே."

அவர் மற்ற கமிஷனர்களைப் பார்த்தார். அவர்களில் டோர்சன் மேசைக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. கடைசியில் எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் அம்மாள்தான் நிமிராமலே சொன்னார்: "சார், இந்தப் பக்கத்துல மூணு தடவ கேக்கணும். நீங்க வந்து நாலு வருஷம் ஆச்சு, யாரும் சொல்லலியா?"

"யாருகிட்ட கேக்கணும்னே எனக்குத் தெரியலியேம்மா," என்றார் டன்ஃபி. அப்போதுதான் கூடம் முழுக்கச் சிரித்தது. வெர்லும் சிரித்தான்.

பிறகு டன்ஃபி சிரிக்காமல் கேட்டார், "ஹால்வர் ஒருவேள திரும்பி வந்தா?"

அதற்கு நான் தயாராக வரவில்லை. வழியெல்லாம் "வேணும்" என்ற ஒரு சொல்லைத்தான் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"என் தம்பி திரும்பி வரமாட்டான்," என்றேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல். அதற்குப் பிறகு வேறு எதுவும் கஷ்டமாக இல்லை.

எனக்கு மூன்று, வெர்லுக்கு இரண்டு. கையைத் தூக்கிச் சத்தியம் செய்துகொண்டேன். எனக்கு முன்னால் இந்த வாரியத்தில் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை என்று எழுத்தர் அம்மாள் சொன்னார். தெரியும் என்றேன். நான்தானே எல்லோருக்கும் காப்பி ஊற்றினேன்.

படியில் வெர்ல் நின்றிருந்தான். "ஏன் பெரியம்மா, இனிமே காப்பி யாரு போடுறது?"

"மனு குடுக்குறவங்க போடட்டும். அடுத்த கூட்டத்துக்கு நீ கொண்டு வா. தண்ணியா போடாத," என்றேன்.

போர்கில்ட்


நூர்டால்
ஏப்ரல் 16, 1968

தம்பிக்கு அக்கா எழுதுவது.

மார்ச் கடிதத்துக்கு உன்னிடமிருந்து இரண்டே வரி வந்தது, அதுவும் மார்லிஸின் கையெழுத்தில். "அப்பா சந்தோஷப்பட்டார், களைப்பாக இருக்கிறார்." அதற்கு மேல் அவள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. நான் சுகம்.

ஒன்பதாம் தேதி கூட்டத்தில் மனு வந்தது. வெர்ல் சொன்னபடி காப்பி கொண்டு வந்தான். தார் போல இருந்தது, எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று குடித்தோம். வெட்டலாம் என்று இரண்டு பேர் கை தூக்கினார்கள். கூடாது என்று க்ராவுஸ், பக்கத்தில் இருந்தவர், நான். பெரிய சதுப்பு இருக்கிற இடத்திலேயே இருக்கும். வெர்ல் தலையைக் கவிழ்த்தபடி இருந்ததைப் பார்க்க முடியவில்லை. அவன் வயலோரம் டவுன்ஷிப் சாலைக்கு அடியில் இருக்கும் குழாய் சின்னது, அதைப் பெரிதாக்கினால் அவன் பக்கத்துத் தண்ணீராவது நிற்காமல் போகுமா என்று பார்க்கலாம் என்றேன். எஞ்சினியர் கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றார், ஆர்விட் போய் அளக்கிறான். பேருந்தை ரொம்பத் தூரத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம்.

உன் நாற்காலியில் உட்காருவது விநோதமாக இருந்தது. இத்தனை வருஷம் சுவரோரத்திலிருந்து எல்லோருடைய பிடரியையும் பார்த்தே பழகிவிட்டேன். இப்போது முகங்கள் தெரிகின்றன. நீ ஜன்னல் பக்க நாற்காலியை ஏன் பிடித்துக்கொண்டாய் என்றும் தெரிந்தது. அங்கிருந்து சதுப்பின் நுனி தெரிகிறது. பத்து வருஷமாக இதை என்னிடம் சொல்லவே இல்லை நீ.

ஐஸ் போன சனிக்கிழமை உருகியது. தனியாகப் போய் நின்றேன். முதலில் கறுப்புக் கோடு விட்டு, பிறகு கண்ணாடிக் கடையைக் கொட்டிக் கவிழ்த்த மாதிரி சலசலவென்று எல்லாம் கரைக்கு வந்தது. வாத்துகள் இறங்கின, நாரைகள் வந்தன. நாம் கோரை அறுத்த மூலையில் அதே வாடை. உனக்கு ஒரு சீசாவில் பிடித்து அனுப்ப முடியாது. இதைக் கேட்டுக்கொண்டாவது இரு என்று எழுதுகிறேன்.

இன்னொன்று. மே 14 கூட்டம். அது முடிந்த மறுநாள் நான் பேருந்து ஏறி உன்னிடம் வருகிறேன். நீ வா என்று எழுதவில்லை, அக்காவுக்குச் சிரமம் என்று எழுதாமல் இருந்திருப்பாய். மார்லிஸும் கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு இதுவரை நான் போனதில்லை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். அதனால் வருகிறேன்.

போர்கில்ட்


டூசான்
ஏப்ரல் 22, 1968

அக்காவுக்கு ஹால்வர், தன் கையாலேயே எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தால் படித்துக்கொள்.

வா.

மார்லிஸ் ஜன்னலோரத்துக் கட்டிலை உனக்கு என்று இழுத்துப் போட்டுவிட்டாள். நான் பகலெல்லாம் வாசலில்தான் இருக்கிறேன், பேருந்து நிற்குமிடம் அங்கிருந்து தெரியும். பாலத்துக்கு உன்னைக் கூட்டிப் போகிறேன். அந்த ஆற்றைப் பார்த்தால் நீ என்ன சொல்வாய் என்று நினைத்து நினைத்து இப்போதே சிரிப்பு வருகிறது.

ஆனால் ஜூன் பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, அடுத்த வாரியக் கூட்டம். பத்தாம் தேதிக்குள் நூர்டாலில் இருக்க வேண்டும். நான் படுத்திருந்தாலும் சரி, அழுதாலும் சரி, இன்னும் ஒரு வாரம் இரு என்று கெஞ்சினாலும் சரி, கேட்காதே. கிளம்பிப் போய்விடு. அந்தக் குழாயைப் பற்றி அன்றைக்குத்தான் வாக்கெடுப்பு இருக்கும், ஐந்து பேரும் இருக்க வேண்டும்.

ஹால்வர்